டிராமுக்குக் கதவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு

மேஜிக்வாசி:
டிஸ்னி வேர்ல்டு கேளிக்கைப் பூங்கா பற்றிய இன்னொரு விவாத இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார்: “பார்க்கிங் டிராமுக்குக் கதவு மாட்டியது வேண்டாத வேலை. அதனால்தான் டிராம் ஊர்கிறது. கழற்றி எறிய வேண்டும்.” படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஃப்ளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டின் பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டம் வாகன நிறுத்தத்தில், காரை விட்டவர்களை ஏற்றிப் போகும் டிராம்கள் (தண்டவாளம் இல்லாமல் சாலையில் ஓடும், பல பெட்டி கோத்த வண்டிகள்) முன்பெல்லாம் பக்கவாட்டில் திறந்தே இருந்தன. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஒன்றும் கிடையாது. ஒரு கையில் மடித்த ஸ்ட்ரோலர் (குழந்தையைத் தள்ளிப் போகும் வண்டி), இன்னொரு கையில் தூங்கி விழும் பிள்ளை, வண்டி வளைவில் திரும்புகிறது. எதைப் பிடித்துக்கொள்வீர்கள்? கதவு வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது, முனகல் மட்டும் ஓயவில்லை.

நேரக்கணக்கு:
அந்த ‘ஒருவர்’ நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். சரி, விஷயத்துக்கு வருவோம். ஊழியர் இறங்கி, வரிசை வரிசையாக நடந்து கதவுகளைச் சாத்தி, சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் வண்டி கிளம்பும். டிராம் நிற்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் போகிறது. வாணவேடிக்கை முடிந்து மொத்தக் கூட்டமும் காரைத் தேடி வரும் நேரத்தில் அந்த ஒரு நிமிஷம் என்ன செய்யும் என்று யோசித்தீர்களா?

மேஜிக்வாசி:
ஒரு நிமிஷம் என்று யார் அளந்தது? இருக்கட்டும், ஒரு நிமிஷம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த டிராம் உங்களை நேரே பூங்கா வாசலிலா இறக்குகிறது? டிக்கெட் மையத்தில் இறங்க வேண்டும், பையைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு மோனோரயிலோ (ஒற்றைத் தண்டவாள ரயில்) படகோ பிடித்து ஏரியைத் தாண்ட வேண்டும். டிராமில் மிச்சம் பிடித்த நிமிஷம் படகுத்துறையில் நிற்கும்போதே போய்விடும்.

நேரக்கணக்கு:
அளந்தது நான். ஒரு நிமிஷம். படகைப் பற்றி நான் பேசவில்லை.

சனிக்கிழமைப்பயணி:
இரண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன். ஃப்ளோரிடாவிலேயே இருக்கும் இன்னொரு பூங்காவான யுனிவர்சல் ஆர்லாண்டோவில் பார்க்கிங் டிராமே கிடையாது. அடுக்குமாடி வாகன நிறுத்தம், அங்கிருந்து நகரும் நடைபாதை. கதவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

மேஜிக்வாசி:
மேஜிக் கிங்டம் 1971இல் திறந்தது. அந்த நிறுத்தம் வெட்டவெளியில் பரந்து கிடக்கிறது. அதன் மேல் நகரும் நடைபாதை போட யார் வருவார்கள்? இருக்கிற டிராமைப் பற்றிப் பேசுங்கள்.

ஆர்லாண்டோ அண்ணாச்சி:
2024 ஏப்ரல் 20ஆம் தேதி கலிஃபோர்னியாவின் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஹாலிவுட் பூங்காவில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? நாலு பெட்டி டிராம். கடைசிப் பெட்டி தடுப்புக் கம்பியில் மோதி, ஆட்கள் வெளியே வீசப்பட்டார்கள். 15 பேருக்குக் காயம். டிராம் என்றால் ஆமை வேகம், அதில் யார் விழப் போகிறார்கள் என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

நேரக்கணக்கு:
அது ஸ்டூடியோவைச் சுற்றிக் காட்டும் டிராம். பார்க்கிங் டிராம் இல்லை. அண்ணாச்சி எப்போதும் இப்படித்தான், பாதியைப் படித்துவிட்டு வந்து நிற்பார். போன மாதம் மோனோரயில் இழையிலும் இதே கதை.

ஆர்லாண்டோ அண்ணாச்சி:
மோனோரயில் இழையில் நான் சொன்னது சரிதான். அங்கே பதில் சொல்லாமல் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

மேஜிக்வாசி:
எந்த டிராமாக இருந்தால் என்ன? வண்டி சாயும்போது பெட்டிக்குள் இருப்பவன் உள்ளேயே கிடக்க வேண்டும், அதுதான் கேள்வி. இன்னொரு விஷயம், இதைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லை. கதவு உள்ளே இருப்பவரை மட்டும் காப்பதில்லை, வெளியே இருப்பவரையும் தடுக்கிறது. கதவு இல்லாத டிராமில், கிளம்பும் நேரத்தில் ஓடி வந்து தொற்றுபவர்கள் உண்டு. நிற்பதற்கு முன்பே காலைக் கீழே ஊன்றி இறங்குபவர்களும் உண்டு, அதுவும் தன் கார் கண்ணில் பட்டுவிட்டால் பொறுமையே இருக்காது. காலைக் கீழே ஊன்றும்போது வண்டி இன்னும் நகர்கிறது, உடம்பு முன்னால் போகிறது, அடுத்த பெட்டியின் சக்கரம் பின்னாலேயே வருகிறது. மைக்கில் எத்தனை தடவை சொன்னாலும் கேட்காதவர்களைக் கதவு நிறுத்துகிறது. இதற்கு ஒரு நிமிஷம் அதிகமா?

நேரக்கணக்கு:
ஆக, ஒரு நிமிஷம் ஆகிறது என்று ஒப்புக்கொண்டீர்கள்.

மேஜிக்வாசி:
ஒப்புக்கொள்ளவில்லை. ‘வைத்துக்கொள்வோம்’ என்று முதலிலேயே எழுதினேன். மேலே போய்ப் படியுங்கள்.

மூன்றுபிள்ளைத்தாய்:
பெயர் சொல்ல விரும்பாத ஒரு பூங்காவில் கதவில்லாத டிராமில் போனோம். என் நடுப்பிள்ளை காலை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே வந்தான். இழுத்து இழுத்து உட்கார வைத்ததில் என் கை ஓய்ந்துவிட்டது. கதவு வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் சாத்தும்போது பிஞ்சு விரல் நசுங்காமல் யார் பார்ப்பது? மேஜிக்வாசி அண்ணா இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

நேரக்கணக்கு:
பிள்ளையைப் பிடித்துக்கொள்வது பெற்றவர் வேலை மேடம்.

மூன்றுபிள்ளைத்தாய்:
உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் சார்? அதைச் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள்.

மேஜிக்வாசி:
தங்கச்சி, அதனால்தான் பயணிகளிடம் விடாமல் ஊழியரே வந்து சாத்துகிறார். வரிசையைப் பார்த்துக்கொண்டே வருகிறவர் கண்ணில் பிஞ்சு விரல் படாமல் போகாது. நேரக்கணக்கு சார் குற்றம் சொல்கிற அந்த நடை இதற்காகத்தான்.

சனிக்கிழமைப்பயணி:
கொரோனாவுக்காக மூடிய பூங்கா 2020 ஜூலையில் திரும்பத் திறந்தபோது டிராமே ஓடவில்லை. மேஜிக் கிங்டத்தில் திரும்பி வந்தது 2021 டிசம்பரில். அத்தனை மாதமும் ஜனங்கள் நடந்துதானே போனார்கள்?

மூன்றுபிள்ளைத்தாய்:
ஃப்ளோரிடா வெயிலில் பாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு நடந்து பார்த்துவிட்டு இதை எழுதுங்கள்.

ஆர்லாண்டோ அண்ணாச்சி:
நடக்க வைத்துவிட்டு வாகன நிறுத்தக் கட்டணத்தை மட்டும் ஏற்றினார்கள். 2023இல் 25 டாலரை 30 ஆக்கினார்கள். நடக்கும் தூரம் குறைய முன்வரிசையில் கார் நிறுத்த வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை. டிராம் மெதுவாக ஓடினால் யாருக்கு லாபம் என்று யோசியுங்கள்.

மேஜிக்வாசி:
கட்டணத்துக்குத் தனி இழை திறங்கள் அண்ணாச்சி. இங்கே பேச்சு கதவு.

ஆர்லாண்டோ அண்ணாச்சி:
இழையை ஆரம்பித்தவர் என்பதற்காக யார் எதைப் பேசலாம் என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது. உங்கள் பக்கம்தான் பேசிக்கொண்டிருந்தேன், இனிமேல் இல்லை.

நேரக்கணக்கு:
ஒரு நிமிஷம். இதுவரை ஒருவரும் மறுக்கவில்லை.

மேஜிக்வாசி:
ஐந்து தடவை மறுத்தாயிற்று. டிராம் நிற்கும் எந்த இடத்தில், எந்த நேரத்தில், கதவு சாத்தத் தொடங்கியதிலிருந்து அளந்தீர்களா, கடைசி ஆள் ஏறியதிலிருந்தா? இதைச் சொல்லாமல் இன்னொரு தடவை ‘ஒரு நிமிஷம்’ என்று எழுதாதீர்கள்.

நேரக்கணக்கு:
வண்டி நின்றதிலிருந்து.

மேஜிக்வாசி:
அப்படியானால் ஜனங்கள் இறங்கி, ஏறி, ஸ்ட்ரோலரை மடித்து உள்ளே வைக்கிற நேரத்தையும் கதவின் தலையில் கட்டியிருக்கிறீர்கள்!

நேரக்கணக்கு:
கதவு இல்லாத காலத்தில் இந்தத் தாமதமே இல்லை. அவ்வளவுதான் சொல்வேன்.