பெண்கள் போடும் டக்சீடோ: விருந்துக் குப்பாயமா, ஆண்வெட்டுக் கோட்டா?

வெட்டூர்ணிமடம், திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம். திரைப்பட உடை வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளுக்கான தமிழ்க் கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பாடத்துக்கு மட்டும் தலைப்பு இல்லை. 1930களில் நடக்கும் கதைகளில் பெண் பாத்திரங்கள் ஆண்களின் விருந்துக் கோட்டும் கால்சட்டையும் போட்டு வருவார்களே, அந்தப் பாணி பற்றிய பாடம். 'ஆண்பாணி மாலை உடை' என்று எழுதினால் படிப்பவர் பூமாலையை நினைப்பார். 'இரவு உடை' என்றால் நம்மூரில் நைட்டி. பாணிக்கு ஒரு பெயர் வேண்டும், டக்சீடோவுக்கு ஒன்று, கோட்டின் மார்பில் மடிந்து கிடக்கும் லேப்பலுக்கு ஒன்று. வெட்டு மேசைக்கு முன்னால் நின்று சொன்னால் காதில் விழுந்த உடனே புரிய வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

கோட்டாறு, திங்கள் மதியம்

டக்சீடோ ஊர்ப்பெயர். நியூயார்க்கை அடுத்த டக்சீடோ பார்க்கில் 1886 வாக்கில் வழக்குக்கு வந்த வாலில்லாத கோட்டு அது. பிரிட்டனில் அதையே சாப்பாட்டின் பெயரால் அழைத்தார்கள், பிரான்சில் புகைபிடிப்பதன் பெயரால். ஆளுக்கொரு பெயர் வைத்தபோது நாம் மட்டும் ஏன் அமெரிக்க ஊர் ஒன்றைச் சுமக்க வேண்டும்?

தைத்த மேலுடைக்கு நம்மிடம் பழஞ்சொல் இருக்கிறது. முல்லைப்பாட்டில் யவனக் காவலர் 'மெய்ப்பை புக்க' தோற்றத்தோடு நிற்கிறார்கள். மெய்யை இடும் பை மெய்ப்பை, சொல்லே உரை. அயலார் உடை என்ற குறிப்பும் அதிலேயே உண்டு. சீவக சிந்தாமணியில் சட்டைக்குக் குப்பாயம் என்ற சொல் வருகிறது, அதுவும் மிலேச்சன், அதாவது அயலான் மேல்தான். சட்டையைக் குறிக்கும் கஞ்சுகத்தை வடசொல் என்று தள்ளிவிடுகிறேன். என் முதல் தேர்வு விருந்து மெய்ப்பை. ஒலி பிடிக்காதவர்களுக்கு விருந்துக் குப்பாயம்.

தக்கலை, திங்கள் இரவு

> என் முதல் தேர்வு விருந்து மெய்ப்பை

ஐயா மன்னிக்கணும். மெய்ப்பை என்றால் இன்றைக்குப் பிணவறைதான் நினைவுக்கு வரும்.

சொல்லுக்கு முன்னால் எந்தக் கோட்டு என்று முடிவு செய்யுங்கள். 1930இல் வந்த 'மொராக்கோ' படத்தில் நடிகை மார்லீன் டீட்ரிச் போட்டதை எல்லாரும் டக்சீடோ என்கிறார்கள். அது டக்சீடோ இல்லை. முன்பக்கம் இடுப்போடு வெட்டி, பின்னால் இரண்டு வால் தொங்கும் கோட்டு, வெள்ளை வெயிஸ்ட்கோட், வெள்ளை போ டை, தலையில் உயரத் தொப்பி. உடை வடிவமைத்தவர் ட்ராவிஸ் பான்டன். டக்சீடோவுக்கு வால் கிடையாது, போ டை கறுப்பு. கால்சட்டையின் பக்கவாட்டுப் பட்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: டக்சீடோவுக்கு ஒற்றைப் பட்டி, வால்கோட்டுக்கு இரட்டை. ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் பிள்ளைகள் வால்கோட்டுக்கு ஒற்றைப் பட்டி வைத்துத் தைத்துவிடும்.

வெட்டும் வேறு. வால்கோட்டுக்கு முன்னால் பட்டன் பூட்டுவதே கிடையாது. அதனால் அது உடம்பில் நிற்பது தோளையும் முதுகையும் நம்பித்தான். பெண்ணுக்கு வெட்டும்போது இடுப்புக்குக் கீழே அகலம் கூடும், பின்னால் இரண்டு வாலும் கத்தரிக்கோல் மாதிரி விரிந்து நிற்கும். முதுகின் பக்கத் தையல்களில் இடம் விட்டு, நடுவில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் மடிப்பையும் கூட்டணும். வெள்ளை வெயிஸ்ட்கோட் கோட்டின் முன்விளிம்புக்குக் கீழே எட்டிப் பார்த்தால் அது தப்பு. அதை மேலே ஏற்றினால் கால்சட்டையும் மேலே ஏறணும், இடுப்பு அல்ல, தொப்புளுக்கு மேல். இன்றைய தாழ்ந்த இடுப்புக் கால்சட்டையைப் போட்டுவிட்டு நடுவில் சட்டை தெரிகிறது என்று முழிக்கக் கூடாது.

வால்கோட்டு என்றே எழுதலாம், அது எல்லாருக்கும் புரியும்.

குழித்துறை, செவ்வாய் காலை

வால்கோட்டுக்கு என் வாக்கு. லேப்பலுக்கு ஒரு சொல் தருகிறேன்: மடல். கோட்டின் மார்பில் மடிந்து கிடப்பது மடல்தானே. நுனி மேல்நோக்கிக் கூராக இருந்தால் கூர்மடல், இடையில் வெட்டு விழுந்தால் வெட்டுமடல், வளைந்து வழுக்கி இறங்கினால் சால்வைமடல். மூன்று வகையும் ஒரே சொல்லில் அடங்குகிறது. காதுமடல் என்று ஏற்கெனவே சொல்கிறோம், யாருக்கும் அகராதி தேவைப்படாது.

ஒரு வேடிக்கை. 'எத்திணை மருங்கினும் மகடூஉ மடன்மேல்' என்று தொடங்கித் தொல்காப்பியர் பெண்ணுக்கு மடலேற்றத்தை, அதாவது பனைமடல் குதிரையில் ஏறிக் காதலை ஊரறியச் சொல்வதை, மறுத்தார். கடலளவு காமம் இருந்தும் மடலேறாத பெண்ணை வள்ளுவர் பாராட்டினார். மடல் ஆணுக்கே உரியது என்பது அகப்பொருள் மரபு, மார்மடல் ஆணுக்கே உரியது என்பது தையல் மரபு. இரண்டையும் ஒரே பெண் மீறுகிறாள்.

கோட்டாறு, செவ்வாய் காலை

மகிழ்ச்சி. ஆனால் மரபை மீறியவர் உண்டு. திருமங்கையாழ்வார் பெண்ணாய் நின்று இரண்டு மடல் நூல்கள் பாடினார். பெரிய திருமடலில் பெண்கள் மடலூரார் என்பது தென்னாட்டுப் பேச்சு, எனக்கு வடநெறிதான் வேண்டும் என்கிறாள் தலைவி. ஆண் பெண்குரல் எடுத்து, அந்தப் பெண் ஆணுக்குரிய மடலைக் கையில் எடுக்கிறாள். இங்கே பெண் ஆண்கோட்டை எடுக்கிறாள். இந்தக் கோணத்தில் மேடையில் ஆண்வேடம் போட்ட பெண்களையும் பார்க்க வேண்டும். 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே வந்தார். 1941இல் 'சாவித்திரி'யில் எம். எஸ். சுப்புலட்சுமி நாரதர். ஆகவே பாணிக்கு 'ஆண்வேட உடை' என்ற பெயர் நம் மரபோடு ஒட்டும்.

வெட்டூர்ணிமடம், செவ்வாய் மாலை

ஐயா, மடலை எடுத்துக்கொண்டேன், நன்றி. ஆண்வேடத்தை எடுக்க முடியாது. நந்தனாராக வருபவரை ரசிகர் நந்தனாராகத்தான் பார்க்க வேண்டும், பெண் என்பது மறைய வேண்டும். இந்தப் பாடத்தில் இருப்பது அதற்கு நேர் எதிர். மேடையில் வால்கோட்டோடு வரும் பாடகியை யாரும் ஆண் என்று நம்புவதில்லை. பெண் என்று தெரிந்துகொண்டே பார்க்கிறார்கள். முன்னது மறைப்பு, பின்னது வெட்டு. இரண்டுக்கும் தையலிலேயே வேறுபாடு உண்டு. மறைக்க வேண்டுமானால் மார்பைத் தட்டையாகக் கட்டி ஆண் அளவுக்கு வெட்டுவோம். இங்கே மார்புக்கு இடம் கொடுத்தாக வேண்டும், ஆனால் கொடுத்தது தெரியக் கூடாது.

தக்கலை மாஸ்டர், மார்புக்கு இடம் கொடுக்கத் துணியை மடித்துத் தைக்கும் அந்த டார்ட் விஷயத்தைக் கொஞ்சம் எழுதுங்களேன்.

தக்கலை, செவ்வாய் இரவு

டார்ட்டைக் கழுத்திலிருந்து மார்பை நோக்கி எடுத்து மடலுக்கு அடியில் ஒளிக்கணும். வெளியே பார்த்தால் ஆண்கோட்டு மாதிரி முன்பக்கம் வெறுமையாக இருக்கும். தோளிலிருந்து நீளமாகத் தையல் இறக்கினால் அது பெண் ஜாக்கெட்டாகிவிடும், 1930 போய்விடும்.

மடல் மடியும் மடிப்பின் உள்ளே ஒரு நாடா வைக்கிறோம். அந்த மடிப்பின் நீளத்தைவிட நாடாவை 1 செ.மீ. குறைத்து வெட்டணும், மார்பு உயரம் கூடினால் ஒன்றரை வரை. துணியின் மிச்சத்தை நடுப்பகுதியில் மட்டும் சுருக்கி ஏற்றணும், மேலும் கீழும் சமமாக விடணும். இதைச் செய்யாவிட்டால் மடல் மார்பைத் தொடாமல் வாய் பிளந்து நிற்கும், கேமராவுக்கு அது முதலில் தெரியும்.

மடலின் மேல்முகம் சாட்டின். வெளிவிளிம்பு முழுக்க 3 மி.மீ. பெரிதாக வெட்டினால்தான் தையல் அடிப்பக்கம் ஒதுங்கும். குண்டூசி குத்தினால் துளை நிற்கும், தையலுக்குள் விழும் இடத்தில் மட்டும் குத்தணும். நேரடியாக இஸ்திரி வைத்தால் பளபளப்பில் திட்டு விழும், மேலே துணி போட்டு அடிப்பக்கமிருந்து அழுத்தணும். சூட்டில் ஒட்டும் பக்ரம் உள்துணி சாட்டினுக்கு ஆகாது, கொப்புளம் விடும். கேன்வாஸ் வைத்து, மடலைக் கைவிரலில் உருட்டிப் பிடித்துக்கொண்டே சாய்தையல் போட்டால் மடல் தன்னால் சுருளும்.

பட்டன் பக்கமும் சொல்லிவிடுகிறேன். ஆண்கோட்டில் இடப்பக்கம் மேலே ஏறும், பெண் உடையில் வலப்பக்கம். கதையில் அவள் யாரோ ஆணின் டக்சீடோவை எடுத்துப் போட்டிருந்தால் இடப்பக்கம்தான் மேலே இருக்கணும். அவளுக்கென்றே தைத்தது என்றால் வலம். இதை இயக்குநரிடம் கேட்காமல் காஜா போடக் கூடாது.

எங்களுக்கு இதெல்லாம் வெட்டு சம்பந்தப்பட்டது. 'ஆண்வெட்டு' என்றால் கடையில் யாருக்கும் புரியும்.

குளச்சல், புதன் காலை

விருந்துக் குப்பாயம் என்பதில் எனக்கு வருத்தம். இந்த மாவட்டத்தில் குப்பாயம் வெறும் சட்டையல்ல. தோள்சீலைப் போராட்டத்தில் நம் பெண்கள் கேட்டது மேல்சீலை. திருவிதாங்கூர் அரசு கொடுத்தது குப்பாயம். 1859 அறிவிப்பிலும் குப்பாயமும் முரட்டுத் துணியும் போடலாம், மேல்சாதிப் பெண்கள் போல மேல்சீலை போடக் கூடாது என்றுதான் இருந்தது. 'இதோடு நிறுத்திக்கொள்' என்று கொடுத்த துணியின் பெயரை, பளபளக்கும் சாட்டின் கோட்டுக்கு வைப்பதா?

குழித்துறை, புதன் மதியம்

அக்கா சொல்வது சரி, ஆனால் அதனாலேயே அந்தச் சொல் பொருந்துகிறது என்றும் வாதிடலாம். யார் எதைப் போடலாம் என்று அரசு எழுதிவைத்த கதை இங்கே மட்டுமா? பாரிசில் பெண்கள் கால்சட்டை போட அனுமதி வாங்க வேண்டும் என்ற 1800ஆம் ஆண்டு ஆணை 2013இல்தான் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அதே ஊரில்தான் 1966இல் உடை வடிவமைப்பாளர் ஈவ் செயின்ட் லாரன்ட் பெண்களுக்கு டக்சீடோ தைத்தார். தவிர, விளவங்கோடு பக்கம் குப்பாயம் இன்றும் சாதாரணப் பேச்சு, மலையாளத்திலும் அப்படித்தான்.

குளச்சல், புதன் மதியம்

பேச்சில் இருக்கிறது என்பதற்காகப் பாடத்தலைப்பில் வர வேண்டியதில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை அர்த்தம் கேட்டால் தையலை விட்டுவிட்டு வரலாறு நடத்த வேண்டியிருக்கும். நடத்தட்டும் என்றால் சரி, ஆனால் அதை ஆசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கோட்டாறு, புதன் மாலை

'ஆண்வெட்டு' என்பதை ஆணை வெட்டுதல் என்றும் விரிக்கலாம். ஆணினது வெட்டா, ஆணை வெட்டும் வெட்டா? வேற்றுமைத்தொகை இரு பக்கமும் இழுக்கிறது. 'கோட்டு' வேறு, கோடு என்பதன் திரிபோடு மயங்கும், கோட்டுப்பூ போல.

தக்கலை, புதன் மாலை

தலைவெட்டு என்று யாரும் பயப்படுவதில்லை, முடிவெட்டு என்றும் சொல்கிறோம். பூசி மெழுகாண்டாம் ஐயா.

வெட்டூர்ணிமடம், புதன் இரவு

என்னையும் சேர்த்து ஐந்து பேரில் ஆண்வெட்டுக்கு மூன்று, குப்பாயத்துக்கு ஒன்று, மெய்ப்பைக்கு ஒன்று. பாடத்தலைப்பு 'பெண்களுக்கான ஆண்வெட்டு விருந்துடை'. உள்ளே வால்கோட்டு, கூர்மடல், வெட்டுமடல், சால்வைமடல். டக்சீடோ என்ற சொல் டக்சீடோவாகவே நிற்கிறது, முதல் இடத்தில் மட்டும் 'வாலில்லா விருந்துக் கோட்டு' என்று விளக்கம். குப்பாயம் பற்றிய குறிப்பு அடுத்த பதிப்புக்கு.

கோட்டாறு, புதன் இரவு

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'ஆண்வெட்டுக் கோட்டு' என்று எங்காவது வந்தால் ஒற்று மிக வேண்டும், வன்றொடர்க் குற்றியலுகரம். அதையாவது விட்டுவிடாதீர்கள்.