ஒத்துழைத்தால் அடி விழாதா?

கரிசல்காட்டான்:
அக்கா மகன் போன வாரம் பைக் எடுத்தான். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மச்சான் அவனுக்கு நீளமாக அறிவுரை எழுதியிருந்தார். அதில் ஒரு இடம்: "போலீஸ் நிறுத்தினால் நில், கேட்டதைக் காட்டு, கூப்பிட்டால் போ, எதிர்த்துப் பேசாதே. ஒழுங்காக ஒத்துழைக்கிறவன் மேல் அவர்கள் எதற்குக் கை வைக்கப் போகிறார்கள்?" சித்தப்பா, பெரியம்மா என்று ஆளாளுக்கு அதன் கீழே கும்பிடு போட்டிருந்தார்கள். எனக்கு மட்டும் கும்பிடு வரவில்லை. நான் சாத்தான்குளத்திலிருந்து ரொம்பத் தூரத்தில் இல்லை.

2020 ஜூன் 19. ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தது என்று ஜெயராஜை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். அப்பாவைக் கூட்டிப் போய்விட்டார்களே என்று மகன் பென்னிக்ஸ் தானாகவே பின்னால் போனார். யாரும் இழுத்துப் போகவில்லை, அவராகவே நடந்து உள்ளே போனார். எஃப்.ஐ.ஆரில் என்ன எழுதினார்கள்? தகராறு செய்தார்கள், தரையில் உருண்டு புரண்டார்கள், அதில் காயம் ஏற்பட்டது என்று. பக்கத்துக் கடை கேமராவில் பார்த்தால் தகராறும் இல்லை, உருளலும் இல்லை. ஜெயராஜ் கூப்பிட்டதும் போகிறார், அவ்வளவுதான். 22-ம் தேதி இரவு மகன், 23 அதிகாலை அப்பா. ஸ்டேஷனில் விழுந்த அடியில் இரண்டு பேரும் செத்துப்போனார்கள். இதைவிட எப்படி ஒத்துழைப்பது என்று மச்சானிடம் கேட்டேன். "எல்லாத்துக்கும் அதையே இழுக்காதே மாப்ளே" என்றார். அதனால் இங்கே வந்து கேட்கிறேன்.

பழைய ஏட்டு:
தம்பி, 31 வருஷம் காக்கி போட்டவன் பேசுகிறேன். உங்கள் மச்சான் சொன்னதில் தப்பு இல்லை. சாத்தான்குளத்தை நினைத்தால் எங்களுக்கும் தலை குனிவுதான், அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் அந்த ஒரு ஸ்டேஷனை வைத்து எல்லா ஸ்டேஷனையும் எடை போடாதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வாகனத் தணிக்கையில் நின்று பாருங்கள். நூறு வண்டி வரும். தொண்ணூற்றெட்டு பேர் ஆர்.சி., லைசென்ஸ் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அவர்கள் முகம்கூட எனக்கு நினைவில் இருக்காது. மீதி இரண்டில் ஒருத்தன் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடுவான், இன்னொருத்தன் போனை மூஞ்சிக்கு நேரே நீட்டி "நான் யார் தெரியுமா" என்பான். கைகலப்பு எங்கே வரும் என்று நினைக்கிறீர்கள்?

சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. கைது செய்யும்போது எதிர்த்தால் தேவையான வழியைக் கையாளலாம். தப்பிக்காமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. எதிர்ப்பு இல்லை என்றால் பலத்துக்கும் வேலை இல்லை. கணக்கு சுலபம்.

நடுரோடு:
ஏட்டையா சொல்வதே சரி. 2020 ஊரடங்கில் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் பால் வாங்கப் போனோம். லத்தியோடு ஒருவர் நிறுத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் "தப்புதான் சார், மன்னிச்சிருங்க" என்றார், விட்டுவிட்டார்கள். நான் "பால் அத்தியாவசியம்தானே சார்" என்று நியாயம் கேட்டேன். கெண்டைக்காலில் இரண்டு விழுந்தது, பத்து நாள் நொண்டினேன். நியாயம் என் பக்கம்தான், ஆனால் பால் அவர் வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. நியாயத்தை அப்புறம் வக்கீல் வைத்துப் பேசிக்கொள்ளலாம், முதலில் உடம்பு முழுசாக வீடு வரட்டும்.

அமுதினி:
நடுரோடு அண்ணே, கேள்வி கேட்டதற்கு அடித்ததை நீங்களே ஒரு பாடம் மாதிரி சொல்கிறீர்களே, அதுதான் வருத்தமாக இருக்கிறது. சட்டப்படி பார்த்தால் அன்று நீங்கள் எதையும் எதிர்க்கவே இல்லை.

நான் வக்கீல் தொழிலில் இருக்கிறேன், பெரும்பாலும் கீழ்க் கோர்ட்டில். ஏட்டையாவின் கணக்கு ரோட்டுக்குப் பொருந்தும். ரோட்டில் போலீஸுக்கு உங்களிடமிருந்து வேண்டியது ஒரு காகிதம். அது உங்களிடம் இருக்கிறது, கொடுத்தால் முடிந்தது. ஸ்டேஷனுக்குள் நிலைமை அப்படி இல்லை. அங்கே அவர்களுக்கு வேண்டியது சில நேரம் உங்களிடம் இல்லாத ஒன்றாக இருக்கும்.

மடப்புரம் அஜித்குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். பத்ரகாளியம்மன் கோயிலில் தற்காலிகக் காவலாளி. 2025 ஜூன் 27 அன்று சாமி கும்பிட வந்த ஒருவர் காரில் இருந்த நகையைக் காணவில்லை என்று புகார் கொடுக்கிறார். விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள், பையன் போகிறான். மறுநாள் உயிரோடு இல்லை. உடலில் 44 காயங்கள் என்று பிரேதப் பரிசோதனை அறிக்கை. மதுரை உயர் நீதிமன்றக் கிளை, கொலைகாரன்கூட இப்படித் தாக்க மாட்டான் என்கிற அளவுக்குப் பேசியது. "நகை எங்கே?" என்பதற்கு அவன் "தெரியாது சார்" என்று எத்தனை பணிவாகச் சொன்னாலும் கேட்பவர் காதில் அது ஒத்துழையாமைதான். இல்லாத நகையை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பான்?

விசாரணைக்கு ஒத்துழைப்பது என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது என்று பொருளல்ல என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு லாக்கப் கதவு வரைக்கும் வந்து சேரவில்லை.

கரிசல்காட்டான்:
நகை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 1993, கம்மாபுரம். ராஜாக்கண்ணு, குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். அதுவும் நகைத் திருட்டுப் புகார்தான். பிடித்துக்கொண்டு போனார்கள், அப்புறம் "தப்பி ஓடிவிட்டார்" என்றார்கள். அவர் மனைவி பார்வதி உயர் நீதிமன்றம் வரை போய் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் அந்த ஆள் ஓடவில்லை, செத்துப்போனார் என்பது வெளியே வந்தது. கம்மாபுரத்துக்கும் மடப்புரத்துக்கும் நடுவில் 32 வருஷம். புகார் மாறவில்லை, முறையும் மாறவில்லை. இரண்டு இடத்திலும் காணாமல் போனது வசதியானவர்கள் வீட்டுப் பொருளா என்று எனக்குத் தெரியாது, அது முக்கியமும் இல்லை. பிடிபட்டவர்கள் கேட்க நாதியில்லாதவர்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

இரும்புப் பட்டறையில் வேலை பார்க்கிற கைலிக்காரனும், கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கவிட்ட கம்பெனிக்காரனும் ஒரே வார்த்தையை ஒரே பணிவோடு சொல்லட்டும், இரண்டு பேருக்கும் ஒரே பதில் கிடைக்குமா? ஏட்டையா நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். பணிவு காப்பாற்றியது என்று நாம் நினைக்கிற பாதி இடத்தில் காப்பாற்றியது சட்டைதான்.

டல்லாஸ் மணி:
இங்கே அமெரிக்காவில் இது தினசரிச் சண்டை. "சொன்னதைச் செய்திருந்தால் செத்திருக்க மாட்டான்" என்று ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு கூட்டம் வரும். அவர்களுக்குப் பதிலாக எல்லாரும் சொல்வது பிலாண்டோ காஸ்டில் பெயர். 2016 ஜூலை, மின்னசோட்டா. காரை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினார். தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே முன்கூட்டிச் சொன்னார், அதற்கு உரிமமும் வைத்திருந்தார். அடுத்த சில விநாடிகளில் போலீஸ் அதிகாரி சுட்டது ஏழு குண்டு. பக்கத்தில் தோழி, பின் சீட்டில் அந்தத் தோழியின் நாலு வயதுக் குழந்தை. அடுத்த வருஷம் அந்த அதிகாரி விடுதலை ஆனார். அப்படியிருந்தும் என் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுத்திருப்பது என்ன தெரியுமா? ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வை, கேட்காமல் எதையும் எடுக்காதே என்றுதான். அது போதாது என்று தெரிந்துகொண்டேதான் சொன்னேன்.

நடுரோடு:
அமெரிக்காக் கதை நமக்கு எதற்கு மணி? அங்கே துப்பாக்கி பயம், இங்கே மாவுக்கட்டு பயம். ரவுடியைப் பிடித்த மறுநாள் பேப்பரைப் பாருங்கள், பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்று கட்டோடு போட்டோ வரும். அதைப் பார்த்துக் கை தட்டுகிற ஊர் இது. நானும் தட்டியிருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன்.

அமுதினி:
ஸ்டேஷன் பாத்ரூம்கள் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு மட்டும் வழுக்குமா என்று சென்னை உயர் நீதிமன்றமே 2025-ல் கேட்டுவிட்டது அண்ணே. நீங்கள் கை தட்டும்போது அந்தப் பாத்ரூமுக்கு அனுமதி கொடுக்கிறீர்கள். பிறகு அதே பாத்ரூமில் கோயில் காவலாளியும் வழுக்குவான்.

பழைய ஏட்டு:
கரிசல் தம்பி நெஞ்சைத் தொடச் சொன்னார். தொட்டேன். சட்டை பார்க்கிறது உண்டு. நான் பார்த்ததில்லை என்று சொன்னால் என் வீட்டுக்காரியே நம்ப மாட்டாள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. அடி விழுவது எதிராளி மரியாதை கொடுக்காததால் என்று நினைக்கிறீர்கள். மரியாதை விஷயமெல்லாம் ஒரு அறையோடு முடிந்துவிடும் (அதுவும் தப்புதான் அமுதினி, வராதீர்கள் சண்டைக்கு). பெரிய அடி விழுவது ரெக்கவரிக்கு. மேலிடத்திலிருந்து போன் வரும், "நகை என்ன ஆச்சு, இன்னுமா எடுக்கவில்லை" என்று. ஸ்பெஷல் டீமில் இருப்பவனுக்கு வேறு துப்பு கிடையாது, கைரேகை வர நாளாகும், சி.சி.டி.வி.யை உட்கார்ந்து பார்க்க ஆள் கிடையாது. கையில் இருப்பது ஒரு ஆளும் ஒரு தடியும். அந்த நேரத்தில் உள்ளே இருப்பவன் ஒத்துழைத்தானா, எதிர்த்தானா என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. இதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் சொல்கிறேன், அப்போது சொல்லியிருந்தால் என்னை ராமநாதபுரம் பக்கம் தூக்கி அடித்திருப்பார்கள். ஆக அமுதினி ரோட்டையும் ஸ்டேஷனையும் பிரித்ததை ஒப்புக்கொள்கிறேன். ரோட்டில் என் பேச்சு செல்லும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாத்தான்குளத்தில் அந்த இரவு நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சாட்சியாகச் சொன்னதும் ஒரு ஏட்டுதான். ரேவதி. காக்கி முழுக்க ஒரே நிறம் என்று எழுதுகிறவர்கள் அதையும் எழுதட்டும்.

கரிசல்காட்டான்:
எழுதுகிறேன் ஏட்டையா, அந்த அம்மாவுக்கு இருந்த துணிச்சல் எனக்கு இருந்திருக்காது. ஆனால் பாருங்கள், அங்கேகூட இரண்டு உயிர் போன பிறகுதான் சாட்சி. அந்த ஸ்டேஷன் கேமராப் பதிவுகள் தினமும் தானாக அழிகிற மாதிரி வைக்கப்பட்டிருந்தன என்று மாஜிஸ்திரேட் அறிக்கையில் வந்ததே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அமுதினி:
அந்த வருஷம் டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் ஒலியோடு கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. கேட்டால் பல இடங்களில் "ரிப்பேர்" என்பார்கள்.

சரி, மருமகனுக்கு என்ன சொல்வது? எதிர்க்கச் சொல்லாதீர்கள். ஓடச் சொல்லவே சொல்லாதீர்கள். ரோட்டில் ஏட்டையா சொன்ன மாதிரி நடக்கட்டும். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் மட்டும் தனியாகப் போகக் கூடாது. "வருகிறேன் சார், எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், என் மாமாவோடு வருகிறேன்" என்று சொல்வது எதிர்ப்பு ஆகாது. ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு எடுத்ததும் கைது செய்யாமல் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கத்தான் பி.என்.எஸ்.எஸ். என்கிற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 35-ம் பிரிவு வழி சொல்கிறது. சாட்சியாக விசாரிப்பதற்குப் பெண்களையும், 15 வயதுக்குக் கீழே 60 வயதுக்கு மேலே இருக்கும் ஆண்களையும் ஸ்டேஷனுக்கே வரவழைக்கக் கூடாது, வீட்டில் வைத்துத்தான் கேட்க வேண்டும். கைது என்றால் குறிப்பாணையில் வீட்டு ஆள் ஒருவரோ, ஊரில் மதிப்பான ஒருவரோ கையெழுத்துப் போட வேண்டும், வீட்டுக்குத் தகவல் போக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அந்த மாஜிஸ்திரேட் "அடித்தார்களா?" என்று கேட்பார், அங்கே வாயைத் திறக்க வேண்டும். ரொம்பப் பேர் அங்கேதான் பயந்து தலையை ஆட்டிவிடுகிறார்கள், ஏனென்றால் அடித்தவர் ரெண்டடி பின்னால் நின்றுகொண்டிருப்பார்.

நடுரோடு:
நோட்டீஸ் கொடுங்கள் என்று ராத்திரி ஒரு மணிக்கு மஃப்டியில் வந்தவரிடம் கேட்டுப் பாருங்கள் தங்கச்சி. "சட்டம் பேசுறியா" என்று அங்கேயே ஆரம்பிக்கும். அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்தான் என்று ஒரு பிரிவு சேரும். கோர்ட்டுக்குள் நின்று பேசுகிற உங்களுக்கு அது தைரியம், வாசலில் பனியனோடு நிற்கிறவனுக்கு அது தற்கொலை.

அமுதினி:
அந்தப் பிரிவு சாத்தான்குளத்தில் கடை வாசலில் தகராறு எதுவும் செய்யாதவர்கள் மேலும் போடப்பட்டது அண்ணே. பேசினாலும் வரும், பேசாவிட்டாலும் வரும் என்றால், நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி பேசிவிட்டுப் போவது மேல். கதவைத் திறந்ததும் பக்கத்து வீட்டுக்காரரைச் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். எந்த ஸ்டேஷன், பெயர் என்ன என்று கேளுங்கள், யாராவது ஒருவர் பின்னாலேயே வண்டியில் போகட்டும், 112-க்கு ஒரு போன் போகட்டும். பென்னிக்ஸுக்காக நண்பர்களும் வக்கீல்களும் வெளியே காத்திருந்தார்கள்தான், காப்பாற்ற முடியவில்லை, உண்மை. ஆனால் எஃப்.ஐ.ஆர். கதை பொய் என்று நிரூபிக்க அந்தச் சாட்சிகளும் பக்கத்துக் கடை கேமராவும்தான் இருந்தன.

நடுரோடு:
செத்த பிறகு நிரூபிப்பது. அதுதான் நீங்கள் தருகிற பாதுகாப்பா?

அமுதினி:
என்னிடம் இருப்பது அவ்வளவுதான். உங்களிடம் இருப்பது "மன்னிச்சிருங்க சார்". அஜித்குமார் அதை எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்று நினைக்கிறீர்கள்?

கரிசல்காட்டான்:
நேற்று மருமகனிடம் பேசினேன். ரோட்டில் நிறுத்தினால் அப்பா சொன்னபடி செய், ஸ்டேஷனுக்கு வா என்றால் எனக்கு ஒரு போன் அடிக்காமல் வண்டியில் ஏறாதே என்று சொன்னேன். "போனைப் பிடுங்கிட்டா மாமா?" என்று கேட்டான். என் நம்பரை மனப்பாடம் பண்ணச் சொல்லியிருக்கிறேன். இந்தக் காலத்துப் பையன், அம்மா நம்பரே அவனுக்கு மனப்பாடமாகத் தெரியவில்லை.

பழைய ஏட்டு:
நல்லது. பக்கத்துத் தெருவில் யாராவது ஒருத்தர் நம்பரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள், நீங்கள் தூங்கிவிட்டால்? அப்புறம் அவன் ஹெல்மெட் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டதுதானா, பார்த்தீர்களா? பாதி வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.