பாட்டி, பேரப்பிள்ளைகளோடு கைடு வைத்து வரலாற்று இடங்கள்: முன்பணம் கட்டுமுன் என்ன கேட்க வேண்டும்?

ஆறு டிக்கெட் (கேள்வி)

விடுமுறையில் குடும்பத்தோடு வெளிநாட்டில் வரலாற்று இடங்களைப் பார்க்கத் திட்டம். நான், கணவர், தம்பி, 71 வயது அம்மா, 13 வயதுப் பெண், 7 வயதுப் பையன். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். படி ஏறிவிடுவார், இறங்கத்தான் திண்டாட்டம். எகிப்து, ரோம், கம்போடியாவின் அங்கோர் என்று மூன்று பேச்சு ஓடுகிறது. கம்பெனிகள் அனுப்புகிற அட்டவணைகள் எல்லாம் ஒரே அச்சு: ஒரே நாளில் ஐந்து இடம், 'வரிசையில் நிற்க வேண்டாம்', 'அனுபவமிக்க கைடு'. பெரிய குழுவோடு சேர்ந்துகொள்வதா, எங்களுக்கென்று தனி கைடு வைப்பதா? பணம் கட்டுமுன் எதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்?

மணிக்கூண்டு

முதல்ல அந்த ஐந்து இடத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்க. ஒவ்வொரு இடத்துலயும் பஸ்ஸை விட்டு இறங்கி வாசல் வரை நடை, பாதுகாப்புச் சோதனை, கழிப்பறை, ஆள் எண்ணிச் சேர்க்கிறது. இதுக்கே 30, 40 நிமிஷம் போயிடும். அட்டவணையில 'ஒரு மணி நேரம்'னு இருந்தா கைடு பேசுறதுக்கு மிஞ்சுறது 20, 30 நிமிஷம்தான். ஐந்து இடம்னா அதுல ரெண்டு மூணு, பஸ் ஜன்னல் வழியா பார்க்கிற இடமா இருக்கும். 'உள்ளே அனுமதி'யா, 'வெளியிலிருந்து பார்வை'யா, ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே எழுதித் தரச் சொல்லுங்க. 'காட்டப்படும்'னு பொத்தாம்பொதுவா இருந்தா அது வெளியிலிருந்துதான்.

பஸ் நிக்கிற இடத்திலிருந்து பார்க்கவேண்டிய இடம் எவ்வளவு தூரம்னும் கேளுங்க. ஜோர்டான்ல இருக்கிற பெட்ரா நல்ல உதாரணம். நுழைவாயில்லேர்ந்து எல்லாரும் படத்துல பார்க்கிற அந்த 'கருவூல' முகப்பு வரைக்கும் ஏறக்குறைய 2 கி.மீ. அதுல 1.2 கி.மீ. பாறை இடுக்கு. போகும்போது சரிவு, அதனால சிரமம் தெரியாது. திரும்பும்போது அதே தூரம் ஏற்றம், அதுவும் வெயில் ஏறின பிறகு.

'வரிசையில் நிற்க வேண்டாம்'ங்கிறது டிக்கெட் வரிசைக்கு மட்டும். பை சோதனை வரிசையில் எல்லாரும் நிக்கணும். அதைக் குறைக்க ஒரே வழி, முதுகுப்பையைக் கொண்டு போகாம ஆளுக்கு ஒரு சின்னத் தோள்பையோட நிறுத்திக்கிறது.

வார விடுமுறையையும் நீங்களே சரிபாருங்க. பிரான்சுல லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய், வெர்சாய் அரண்மனை திங்கள், நம்ம தாஜ் மஹால் வெள்ளி மூடியிருக்கும். வாடிகன் அருங்காட்சியகம் மாதத்தோட கடைசி ஞாயிறு தவிர மத்த ஞாயிறுகள்ல மூடல். பழைய அட்டவணையைத் தேதி மட்டும் மாத்தி அனுப்புறப்போ அடிபடுறது இதுதான்.

செவிச்செல்வம்

குழுவா, தனியா என்பதைக் காதை வைத்து முடிவு செய்யலாம். 12 பேர் வரை கைடு குரல் உயர்த்தாமலே எல்லாருக்கும் கேட்கும். 20 தாண்டினால், கைடின் குரலைக் காதுக்குக் கொண்டுவரும் ரேடியோக் கருவி இல்லாமல் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது. கருவி இருந்தாலும் தடித்த கல் சுவருக்கு அந்தப்பக்கம் போனால் அலை அறுந்துவிடும். மெதுவாக நடப்பவர்கள், உங்கள் அம்மா போல, அந்த இடத்தில்தான் பாதிப் பேச்சைத் தவறவிடுவார்கள். கருவியோடு தரும் காது மாட்டி சிறு பிள்ளைகளுக்குப் பொருந்தாமல் விழுந்துகொண்டே இருக்கும். பல கருவிகளில் சாதாரண 3.5 மி.மீ. துளைதான், ஆகவே பையனுக்குப் பழக்கமான வயர் ஹெட்போன் ஒன்றைக் கொண்டு போங்கள். புளூடூத் உதவாது.

இன்னொரு குழப்பம்: டூர் மேனேஜரும் கைடும் ஒருவரல்ல. கூடவே வரும் மேனேஜர் ஹோட்டல், பஸ், சாப்பாட்டைப் பார்ப்பவர். எகிப்திலும் இத்தாலியிலும் இடத்தை விளக்குவதற்கு உரிமம் வேண்டும். அந்த ஊர் கைடு தனியாக வந்து சேருவார். 'தமிழ் பேசும் வழிகாட்டி' என்று போட்டிருந்தால் இருவரில் யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் மேனேஜர்தான், ஊர் கைடு ஆங்கிலத்தில் சொல்வதை அவர் மொழிபெயர்ப்பார். அப்போது விளக்கத்துக்கு இருமடங்கு நேரம் பிடிக்கும், அல்லது பாதிச் செய்தி போய்விடும்.

எகிப்துக்குப் போனால், அரசர்களின் பள்ளத்தாக்கில் கல்லறைக்குள் கைடுகள் நின்று விளக்க அனுமதி இல்லை. வெளியே படம் காட்டிச் சொல்லிவிட்டு உங்களை மட்டும் உள்ளே அனுப்புவார். இது தெரியாமல் 'கைடு கூட வரவே இல்லை' என்று சண்டை போடுபவர்கள் உண்டு. பொது டிக்கெட்டில் மூன்று கல்லறைகள்தான். துட்டன்காமுன் அரசரின் கல்லறைக்குத் தனி டிக்கெட். எந்த மூன்று என்பதைக் கைடிடம் முன்பே பேசி, படி குறைவானவற்றை அம்மாவுக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைப் பற்றி: 7 வயதுக்கு அரச வம்சமும் ஆண்டும் ஏறாது, தேடுவதற்கு ஒரு பொருள் கொடுத்தால் ஏறும். அங்கோர் வாட்டின் கிழக்குச் சுற்றில் பாற்கடல் கடையும் சிற்பம் 49 மீட்டர் நீளம். வாசுகியின் ஒரு பக்கம் 92 அசுரர், மறுபக்கம் 88 தேவர். கதை வீட்டிலேயே தெரிந்திருக்கும். எண்ணச் சொன்னால் பையன் கால் மணி நேரம் அசைய மாட்டான், கைடும் பெரியவர்களோடு நிம்மதியாகப் பேசலாம். அந்தச் சிற்பத்தைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடும் கைடுகள் நிறைய. 'அங்கே அரை மணி வேண்டும்' என்று காலையிலேயே சொல்லிவைப்பது நல்லது.

படிக்கட்டு

இறங்கத்தான் கஷ்டம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை வைத்தே மூன்று ஊரையும் பார்ப்போம்.

அங்கோர்: வாட்டின் மேல்தளம், பாகன் என்பார்கள். செங்குத்தான படி. 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை விடமாட்டார்கள், அதனால் பையன் கீழேதான். அம்மாவும் கீழேயே இருப்பது உத்தமம். தோள், முழங்கால் மூடிய உடை இல்லாவிட்டால் பெரியவர்களையும் திருப்பி அனுப்புவார்கள். மேலே துண்டு போட்டுக்கொள்வது ஏற்கப்படாது, கைவைத்த சட்டையே போடுங்கள். பெண் யாரோடு ஏறுகிறாள், பையனோடு யார் இருப்பது என்பதைப் படிக்கட்டு அடியில் நின்று பேசாமல் முன்னாலேயே முடிவு செய்யுங்கள். பௌத்தப் புனித நாட்களில் அந்தத் தளம் மூடியிருக்கும்.

எகிப்து: பெரிய பிரமிடுக்குள் நுழையத் தனி டிக்கெட். உள்ளே ஏறும் வழியின் உயரம் ஏறக்குறைய 1.2 மீட்டர், குனிந்துகொண்டே ஏற வேண்டும், திரும்பும்போது அதே நிலையில் இறங்க வேண்டும். தேய்ந்த முழங்காலுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. மூச்சுமுட்டல், அடைந்த இடத்தில் பயம் உள்ளவர்களுக்கும் வேண்டாம். வெளியே நின்று பார்ப்பதில் இழப்பு ஒன்றும் பெரிதில்லை. உள்ளே ஓவியம், எழுத்து எதுவும் இல்லை, வெறும் கருங்கல் அறை.

ரோம்: கொலோசியத்தில் லிஃப்ட் உண்டு. சிக்கல் அதே டிக்கெட்டில் வரும் ஃபோரமும் (பழைய ரோமின் பொதுச் சதுக்க இடிபாடுகள்) அதையொட்டிய பாலடைன் குன்றும்தான். மேடுபள்ளமான பழைய கல் பாவிய தரை, நிழல் குறைவு. எரிமலையில் புதைந்த பழைய நகரமான பாம்பேயையும் சேர்த்திருந்தால் இன்னும் கவனம்: தெருவெல்லாம் பெரிய பெரிய எரிமலைக் கற்கள், நடுவே வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளம். ஆனால் அங்கே சக்கர நாற்காலியும் போகும்படி சமன் செய்த 3 கி.மீ.க்கு மேற்பட்ட பாதை ஒன்று இருக்கிறது, ஆம்ஃபிதியேட்டர் (வட்ட அரங்கு) பக்க வாயிலில் தொடங்கும். குழு டூர்கள் பெரும்பாலும் வேறு வாயிலில் நுழைவதால், கேட்டால்தான் கிடைக்கும்.

கைத்தடி எடுத்தால் அடியில் ரப்பர் முனை இருக்கட்டும். இரும்பு முனை வழவழப்பான கல்லில் வழுக்கும், பல இடங்களில் அனுமதியும் இல்லை.

ஆறு டிக்கெட்

ரொம்ப உதவி. ரோமுக்கு ஒரு கம்பெனி சொல்வது: 28 பேர், ஒரே கைடு, ரேடியோக் கருவி உண்டு, கொலோசியம் மதியம் 2 மணி, அப்புறம் ஃபோரம், மொத்தம் மூன்று மணி நேரம். ஜூலை. நடுவில் அம்மாவுக்கு முடியவில்லை என்றால் வெளியே வந்து காத்திருக்கலாமா?

மணிக்கூண்டு

வெளியே வரலாம், திரும்ப உள்ளே போக முடியாது. கைடு 27 பேரை விட்டுட்டு அவங்களோட வரவும் மாட்டார். உங்கள்ல ஒரு பெரியவர் கூட வரணும், அவருக்கும் டூர் அத்தோட முடிஞ்சது. ஜூலை மாசம் மதியம் 2 மணிக்கு அப்புறம் ஃபோரம்ல நிழல் கிடைக்கிறது கஷ்டம். இதை நான் எடுக்க மாட்டேன்.

தனி கைடுக்குக் கூலி பெரும்பாலும் ஆளுக்கு இல்ல, மணிக்கு. ரெண்டு பேருக்கு அது அதிகம். ஆறு பேரா பிரிச்சா குழு விலையோட வித்தியாசம் வெகுவா சுருங்கும். ஊருக்கு ஊர் பஸ், ஹோட்டலைக் குழுவோட வெச்சுக்கிட்டு, கடினமான அந்த ஒரு இடத்துக்கு மட்டும் தனி கைடு எடுங்க. காலை முதல் நேரம், ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், கொலோசியம் மட்டும் முழுசா. ஃபோரத்தை மேலேர்ந்து காட்டச் சொல்லுங்க. பக்கத்து கேப்பிட்டல் குன்றிலிருந்து முழுக்கத் தெரியும், அதுக்கு டிக்கெட்டும் கிடையாது.

நேரம் குறிச்ச டிக்கெட் பெரும்பாலும் பணம் திரும்பாது. கம்பெனி எந்தத் தேதியில டிக்கெட் வாங்கும்னு எழுத்துல வாங்குங்க; ரத்து செய்யணும்னா அதுக்கு முன்னாடி செஞ்சிடணும்.

படிக்கட்டு

ஒரு சேர்க்கை. கொலோசிய டிக்கெட்டில் பெயர் அச்சாகும், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள். இனிஷியலை விரித்து எழுதிய பாஸ்போர்ட்டும் சுருக்கி எழுதிய டிக்கெட்டும் வாசலில் ஒத்துப்போகாமல் நிற்கும். 18 வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை, ஆனாலும் பிள்ளைகள் இருவருக்கும் பெயர் போட்டு இலவச டிக்கெட் முன்பதிவு செய்தாக வேண்டும். அங்கோரில் 12க்குக் கீழ் இலவசம், பையனின் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். பெண்ணுக்குப் பெரியவர் பாஸ் எடுக்க வேண்டும்.