சேலம், ஏற்காடு பக்கம் பழைய பாஸ் கிட்டார் பார்த்தவர்கள் உண்டா?

கோட்டைப்பக்கம்:
ஆடித் திருவிழா, கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் மெல்லிசைக் கச்சேரி. பாஸ் வாசித்தவர் கையில் வயலின் வடிவ ஹோஃப்னர், ஜெர்மன் கம்பெனி. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கினாரே, அதே வகை. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டி, அவற்றுக்கு அடியில் ஒரு மஞ்சள் துணியை மடித்துச் செருகியிருந்தார். கட்டைவிரலால் தட்டினால் ‘தும்’ என்று எழுந்து உடனே அடங்கியது. தபேலா, டோலக், பாடகர் எல்லாம் மறந்துவிட்டது. அந்தத் ‘தும்’ மறக்கவில்லை. மேடைக்குப் பின்னால் போவதற்குள் வேன் கிளம்பிவிட்டது. எந்தக் குழு என்று யாருக்காவது தெரியுமா?

ஐந்துரோடு:
ஹோஃப்னராக இருக்காது. அந்த வடிவத்தில் ஜப்பானில் அறுபது, எழுபதுகளில் ஏகப்பட்ட நகல்கள் செய்தார்கள். தலைப்பகுதியில் இருந்த பெயரைப் படித்தீர்களா? இல்லையென்றால் பேச்சே இல்லை.

சேர்வராயன்:
ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து பங்களாவுக்கு வயரிங் வேலைக்குப் போயிருந்தேன். மாடிப்படிக்கு அடியில், மிளகு மூட்டைக்குப் பின்னால் ஒரு ஃபெண்டர் பிரிசிஷன், அமெரிக்க பாஸ் கிட்டார். பின்பக்கத் தகட்டில் எல் என்று தொடங்கும் எண். பிரிட்ஜின் குரோம் மூடியைத் தூக்கினால், உள்ளே ஒட்டியிருந்த நுரைப்பட்டை மலை ஈரத்தில் பிசின் போல இளகி விரலோடு வந்தது. கம்பிகள் இறுக்கமாகவே இருந்தன. நெக், அதாவது கிட்டாரின் கழுத்து, நன்றாக வளைந்துவிட்டது. “கம்பியைத் தளர்த்திவிட்டுப் போகட்டுமா அம்மா?” என்றேன். “வேண்டாம் தம்பி, பெரியப்பா வைத்தபடியே இருக்கட்டும், கைவைக்காதே” என்றார் அந்த வீட்டம்மா.

ஐந்துரோடு:
எல் என்றதும் 1963 முதல் 1965 வரை என்று துள்ள வேண்டாம். தகடுகளை எண் வரிசைப்படி மாட்டவில்லை, கைக்கு வந்ததை மாட்டினார்கள். நெக்கைக் கழற்றி அடிமுனையில் தேதி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வால்யூம் பொட்டில், அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடிப்பாகத்தில், எண் இருக்கும். முதல் மூன்று இலக்கம் பொட் செய்த கம்பெனி: 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சிடிஎஸ். அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, கடைசி இரண்டு வாரம். 3046512 என்றால் 1965ஆம் ஆண்டின் 12ஆவது வாரம். அதுவும் பொட் செய்த வாரம்தான், கிட்டார் அதற்கு முன்னால் பிறந்திருக்க முடியாது, அவ்வளவே. ஈயப்பற்று புதிதாகப் பளபளத்தால் யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள். நெக் வளைவை நிமிர்த்த அதற்குள்ளேயே டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பி இருக்கிறது. கால் திருப்புத் திருப்பி, ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். நானும் செவ்வாய்ப்பேட்டையில் 1962 மாடல் என்று ஒருவர் சொன்னதைப் பார்க்கப் போனேன். பொட் 1978 என்றது. டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பழையமேடை:
ஐந்துரோடு ஐயா, அந்தம்மா கைவைக்காதே என்கிறார், நீங்கள் நெக்கையே கழற்றச் சொல்கிறீர்கள்! அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனிப் பாட்டுகளுக்கெல்லாம் பாஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் 1962 பிரிசிஷன், 1983இல் அவர் இறப்பதற்குச் சற்று முன்பு திருடுபோனது. அவர் கம்பி அறுந்தால்தான் மாற்றுவாராம். எங்கள் குழுவில் பாஸ் வாசித்தவரும் அப்படித்தான். தொண்ணூறுகளில் கீபோர்டுக்காரர் இடது கையாலேயே பாஸையும் வாசிக்கத் தொடங்கினார். ஓர் ஆள் சம்பளம் மிச்சம் என்று இவரை நிறுத்திவிட்டார்கள். பிறகு ஒரு கல்யாண வரவேற்புக்கு விருந்தாளியாக வந்திருந்தார். மேடையில் இளையராஜா பாட்டு. பந்தியில் இவருடைய இடது கை தொடைமேல் ஃப்ரெட் ஃப்ரெட்டாக நகர்கிறது. கீபோர்டில் பாஸ் ஓரிடத்தில் தப்பியது. வாய்க்குப் போன சோற்றுக்கை பாதியில் நிற்க, மேடையை ஒரு முறை முறைத்தார் பாருங்கள்!

சேர்வராயன்:
அடுத்த வாரம் அதே பங்களாவில் மெயின் போர்டு வேலை இருக்கிறது. அந்தம்மாவிடம் இன்னொரு முறை கேட்டுப் பார்க்கிறேன். டிரஸ் ராடுக்கு எந்த அளவு சாவி வேண்டும்?

ஐந்துரோடு:
சாவி வேண்டாம், ஸ்க்ரூடிரைவர் போதும். அந்தக் காலத்து ஃபெண்டரில் திருகு நெக்கின் அடிமுனையில், உடலுக்குள் மறைந்திருக்கிறது. கழற்றித்தான் ஆகவேண்டும். பழையமேடை கவனிக்கவும்.