பினாங்கில் மகளிரியல் மாஸ்டர்: காசுக்குப் பிடித்த கேடா?

கயல்_செந்தூல்:
கோலாலம்பூரில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். பினாங்கில் உள்ள யூஎஸ்எம்மின் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பெண்கள், பாலின ஆய்வு மையமான கனிதாவில் ஆய்வு வழி மாஸ்டர் (முதுகலைப் பட்டம்) செய்ய ஆசை. பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளில் உழைத்த தமிழ்ப் பெண்களைப் பற்றி எழுத நினைக்கிறேன். வீட்டில், "மகளிரியல் படித்தால் எவன் வேலை தருவான்?" என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

பிறை மணியம்:
வீட்டில் கேட்பது நியாயம்தான் தங்கச்சி. முதல் பட்டத்துக்கு வாங்கிய பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடனைக் கட்டவே நம் பிள்ளைகள் திணறுகிறார்கள். நல்ல வேலையை விட்டுவிட்டு இதற்குப் போவதா? பெண்களுக்கு உதவ வேண்டும் என்றால் சட்டம் படி, கவுன்சலிங் படி. அடி வாங்கி வந்து நிற்கிற பெண்ணுக்கு வேண்டியது வக்கீல், ஆய்வேடு இல்லை.

தேன்மொழி:
மணியம் அண்ணா, அந்த வக்கீல் எந்தச் சட்டத்தைக் கையில் எடுப்பார்? இல்லற வன்முறைச் சட்டமே 1994இல்தான் வந்தது, நடைமுறைக்கு வர 1996 ஆகிவிட்டது. அதுவும் சும்மா வரவில்லை. 1980களின் நடுவிலிருந்து பெண்கள் அமைப்புகள் விடாமல் கேட்டதால் வந்தது.

பிறை மணியம்:
நான் சொல்வதும் அதைத்தானே? போராடியது அமைப்புகள். 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி, ஆணுக்குச் சமமாகச் சம்பளம் கேட்டு நின்றாரே ராசம்மா பூபாலன், அவர் மகளிரியல் பட்டம் வாங்கிக்கொண்டா வந்தார்? துணிச்சல் இருந்தது, கூட்டம் சேர்த்தார்.

தேன்மொழி:
ராசம்மா அம்மையார் கேட்டபோது அநியாயம் சம்பளச் சீட்டிலேயே எழுதியிருந்தது அண்ணா. ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று நீட்டிக் காட்டலாம். வீட்டுக்குள் விழுகிற அடிக்கு ஏது சீட்டு? யாராவது போய்க் கேட்டு எழுதினால்தான் உண்டு. கயல் போக நினைக்கும் அதே கனிதாவின் ஆய்வாளர்கள்தான் தீபகற்ப மலேசியா முழுவதும் பெண்களைச் சந்தித்து இல்லற வன்முறையைக் கணக்கெடுத்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வைப் பெண்கள் அமைப்புகள் இன்னும் எடுத்துக்காட்டுகின்றன. துணிச்சலுக்கும் ஆதாரம் வேண்டும்.

மின்டன் மாணவி:
இதே துறையில் ஆய்வு செய்கிறேன். கயல் அக்கா, தலைப்பை விட்டுவிடாதீர்கள். பாயான் லெப்பாஸ் வர்த்தக மண்டலம் 1972இல் தொடங்கியது. முதலில் வேலைக்குப் போனவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது.

என் பெரியம்மா அங்கே இருந்தவர். ஷிப்ட் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் பொருத்துகிற வேலை. விடியற்காலை தொழிற்சாலை பஸ்ஸில் வந்து இறங்கியதும் உலை வைக்க வேண்டும். அவரிடம் மலாயில் அச்சடித்த கேள்வித்தாளைக் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் "பரவாயில்லை" என்றுதான் குறிப்பார். நான் தமிழில் பேச்சுக் கொடுத்தபோதுதான் தலைவலியைச் சொன்னார், பார்வை மங்கியதைச் சொன்னார், அதை மேலாளரிடம் சொல்லப் பயந்ததையும் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் கேட்க ஆள் இல்லையென்றால் அந்தப் பயம் எந்த அறிக்கையிலும் வராது.

பிறை மணியம்:
பெரியம்மா கதை பதிவாக வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. என் அக்காவும் அந்த பஸ்ஸில் போனவர்தான். ஆனால் மாதச் சம்பளம் நின்றால் வீட்டு வாடகையை யார் கட்டுவது? அதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மின்டன் மாணவி:
சரியான கேள்வி ஐயா. ஆய்வு வழி என்பதால் தினமும் வகுப்பு இருக்காது, பகுதி நேரமாகவும் பதியலாம். நேர்காணலை வார இறுதியில் வைத்துக்கொள்ளலாம், அந்த அம்மாக்களுக்கும் அதுதான் வசதி. ஆனால் சுமை சுமைதான், இரண்டு வேலை பார்ப்பதற்குச் சமம்.

தேன்மொழி:
கயல், வங்கியில் உங்கள் பினாங்குக் கிளைக்கு மாற்றல் கேட்டுப் பார்த்தீர்களா?

கயல்_செந்தூல்:
இன்னும் இல்லை அக்கா, இந்த வாரமே கேட்கிறேன். மின்டன் தங்கச்சி, ஆய்வு முன்மொழிவை எழுதி வைத்துக்கொண்டு மேற்பார்வையாளரைத் தேடுவதா, இல்லை முதலில் அவரிடம் பேசிவிட்டு எழுதுவதா? மணியம் அண்ணா, உங்கள் அக்கா பேசச் சம்மதிப்பாரா என்று கேட்டுச் சொல்ல முடியுமா?