கட்டிலை முழுக்க வெல்டிங் பண்ணலாமா, போல்ட் போடலாமா?

லயத்துப்பையன்:
மலேசியா, சுங்கை சிப்புட்டில் பழைய லயத்து வீடு. அறை பத்தடிக்குப் பத்தடி, அதில் 60க்கு 75 அங்குல குயின் மெத்தையைப் போட்டால் அலமாரிக்கு இடமே இல்லை. அதனால் ஒன்றரை அங்குல ஹோலோ (உள்ளே வெற்றான கட்டக் குழாய்) இரும்பு வாங்கி நானே கட்டில் அடித்து, அடியில் 14 அங்குலம் விட்டு, சக்கரம் வைத்த பெட்டிகளைத் தள்ளி வைக்கலாம் என்று யோசிக்கிறேன். நாலு மூலையும் வெல்டிங். நடுவில் கால் கிடையாது, பெட்டி முட்டும். சரிதானே?

பட்டறைக்காரன்:
சரிதான் தம்பி, வெல்டிங்தான். போல்ட் போட்ட கட்டில் கொஞ்ச நாளில் லூசாகி, திரும்பிப் படுத்தாலே கிரீச் கிரீச் என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஒருமுறை ஒட்டினால் பேரன் காலம் வரைக்கும் ஆடாது.

எட்டாங்கட்டை மருமகள்:
பேரன் காலத்துக்கு முதலில் அது அறைக்குள் போக வேண்டுமே அண்ணே! எங்கள் வீட்டுக்காரர் வாசலுக்கு வெளியே அஞ்சடி நடைபாதையில் வைத்து ஒரே துண்டாக ஒட்டினார், தலைமாடு மட்டும் மூன்றரை அடி உயரம். வாசலில் சாய்த்து நுழைத்தாயிற்று, அறைக்குத் திரும்பும் முடுக்கில் மாட்டிக்கொண்டது, முன்னேயும் போகவில்லை பின்னேயும் வரவில்லை. புதுச் சுண்ணாம்பில் முழ நீளத்துக்குக் கறுப்புக் கோடு. கடைசியில் வீட்டுக்குள்ளேயே கிரைண்டர் போட்டு அறுத்தார், பொறி பறந்து திரைச்சீலையில் ஓட்டை. அந்தக் கோடு இன்னும் இருக்கிறது, அவர் காலண்டரை மாட்டி மறைத்திருக்கிறார்.

பட்டறைக்காரன்:
அது அளக்காமல் அடித்த குற்றம், வெல்டிங் குற்றம் இல்லை.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் மூலையையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், எனக்கு நடுக்கால்தான் கவலை. ஆறடிக்கு மேல் நீளமுள்ள நடுச் சட்டம் அந்தரத்தில் நின்றால் இரண்டு பேர் படுத்ததும் தொய்யும். நடுவில் ஒரு கால் கொடுத்துத் தாங்கும் தூரத்தைப் பாதியாக்கினால், அதே பாரத்துக்குத் தொய்வு எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒன்றுக்கு இரண்டு அங்குல ஹோலோ எடுத்தால் படுக்க வைக்காதே, இரண்டு அங்குலம் மேலே நிற்கும்படி வை, அதுவே பாதி வேலை.

லயத்துப்பையன்:
கால் வைத்தால் பெட்டி எப்படி அண்ணே போகும்?

கணக்குப்பிள்ளை:
இரண்டு பக்கமும் இழுக்கிற மாதிரி செய். அறை 120 அங்குலம், கட்டில் 61 என்றால் பக்கத்துக்கு 29 சொச்சம் மிஞ்சும். 28 அங்குலப் பெட்டி வெளியே வந்துவிடும், ஆனால் கட்டில் அறைக்கு நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சுவரோடு ஒட்டினால் அந்தப் பக்கத்துப் பெட்டியை மறந்துவிடு.

எட்டாங்கட்டை மருமகள்:
மேலே முழுப் பலகை அடித்துவிடாதே தம்பி. நம் ஊர் ஈரத்துக்கு மெத்தையின் அடி பூசணம் பிடித்துவிடும், நாங்கள் பட்டது போதும். சட்டப் பலகைகளை இரண்டு அங்குல இடைவெளி விட்டுப் போடு, காற்று போகட்டும்.

பட்டறைக்காரன்:
அது சரியான பேச்சு. அப்புறம், ஹோலோ துத்தநாகம் பூசிய ஜிஐயா, பூச்சில்லாத கறுப்பா? ஜிஐ என்றால் ஒட்டுகிற இடத்தில் பூச்சை முதலில் தேய்த்து எடு, காற்றோட்டத்தில் நின்று ஒட்டு. அந்தத் துத்தநாகப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர் காய்ச்சல் மாதிரி உடம்பை உலுக்கும். பால் குடித்தால் போதும் என்பார்கள், நானும் வருஷக்கணக்கில் குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை, புகைதான் உள்ளே போனது.

லயத்துப்பையன்:
சரி, தலைமாடும் கால்மாடும் வெல்டிங், பக்கச் சட்டங்கள் மட்டும் போல்ட், நடுவில் ஒரு கால். பட்டறை அண்ணே, கோபமா?

பட்டறைக்காரன்:
கோபம் என்ன. உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு போடு, இரும்பும் இரும்பும் உரசுகிற இடத்தில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி வை. மூன்று மாசம் கழித்து ஒருமுறை முறுக்கிப் பார். சத்தம் வந்தால் என்னைக் கூப்பிடாதே, எட்டாங்கட்டைக்குப் போ.