கொழும்பு – லண்டன்: தொலைவும் பயண நேரமும் பொருந்தவில்லையே?

வெள்ளவத்தைவாசி:
வணக்கம். ஜனவரியில் என் தாயார் லண்டனிலுள்ள தம்பியிடம் நேரடி விமானத்தில் செல்லவிருக்கிறார். பிற்பகல் 1.00 மணிக்குக் கட்டுநாயக்கவில் புறப்பட்டு, மாலை 6.30 மணிக்கு ஹீத்ரோவில் இறங்குவதாகப் பயணச்சீட்டில் உள்ளது. கழித்துப் பார்த்தால் ஐந்தரை மணித்தியாலம்தான் வருகிறது. தொலைவோ ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் பறந்தாலே ஒன்பதரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். இணையத்தளமோ 11 மணித்தியாலம் என்கிறது. எதை நம்பி அம்மாவின் மருந்து வேளைகளைக் குறித்துக் கொடுப்பது?

கொட்டாஞ்சேனை_ரவி:
பதினொன்றுதான் சரி. பயணச்சீட்டில் புறப்படும் நேரம் நம்முடையது, இறங்கும் நேரம் லண்டனுடையது. குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கும். ஆகவே உங்கள் தாயார் இறங்கும்போது இங்கே நள்ளிரவு. மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்துவதால், இதே விமானம் ஜூலையில் 7.30 மணிக்கு இறங்குவதாகக் காட்டும். அம்மாவின் கைக்கடிகாரத்தை லண்டன் சேரும்வரை கொழும்பு நேரத்திலேயே விட்டுவிடுங்கள். அதன் பிறகு மருந்து வேளையை எப்படி மாற்றுவது என்பதை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

வான்வழி:
ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். 8,700 என்பது பூகோள உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறுகிய தொலைவு. அந்த நூல் தமிழகத்தின் தெற்கு, கேரளம், அரபிக்கடல், ஈரான், கருங்கடல் எனச் சென்று உக்ரைனைக் கடக்கும். 2022 பெப்ரவரியில் போர் மூண்டதிலிருந்து உக்ரைன் வான்பரப்பு பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டுள்ளதால், விமானம் சுற்றித்தான் போகவேண்டும். அதோடு, உயர வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக்காற்று, குறிப்பாகக் குளிர்காலத்தில், லண்டன் செல்லும் விமானத்துக்கு எதிர்க்காற்றாகிறது. 900 வேகத்தில் பறந்தாலும் தரையின் மேல் அவ்வளவு தூரம் நகராது. திரும்பும் பயணம் பெரும்பாலும் அரை மணித்தியாலமோ அதற்கு மேலோ குறைவதும் அதே காற்றினால்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும், மேலேறி இறங்கும்போது வேகம் குறைந்திருப்பதும் இந்தப் பதினொன்றுக்குள் அடக்கம்.

வெள்ளவத்தைவாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. டோஹா வழியாகச் சென்றால் கட்டணம் குறைவு என்கிறார்கள். அது உகந்ததா?

கொட்டாஞ்சேனை_ரவி:
டோஹாவுக்கு ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம், அங்கிருந்து லண்டனுக்கு ஏழு. காத்திருப்பையும் சேர்த்தால் பதினான்கைத் தாண்டுவது வழக்கம். தனியாகச் செல்லும் வயதானவருக்கு நேரடி விமானமே நல்லது. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் பயணச்சீட்டு எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள். கடைசி நாளில் கேட்டால் அலைச்சல்தான்.